ஆக்டோபஸுக்கு மூன்று இதயம்

எங்கள் ஓவிய வாத்தியாருக்குத் தாமரையும் தேசியக்கொடியும் தவிர வேறொன்றும் வரைய வராது. அப்படிப்பட்டவர் ஒருநாள் கரும்பலகையில் ஆக்டோபஸ் வரையக் கிளம்பினார். தலைகீழாக நிறுத்திய துடைப்பம் மாதிரி வந்தது. கையால் முடியாததை வாயால் சரிக்கட்டுவது அவர் வழக்கம். "இதுக்கு எட்டு கை, நீல ரத்தம், மூணு இதயம்" என்று அடுக்கினார். ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் வாயைப் பிளந்தது.

எனக்குக் கலைத்தாகம் கொஞ்சம் அதிகம். மூன்று இதயமும் வெளியே தெரிகிற மாதிரி சிவப்பு ஸ்கெட்சில் வரைந்தேன். இதயம் என்றால் எனக்குத் தெரிந்தது ஆட்டோவின் பின்னால் ஒட்டியிருப்பதுதான். அழகுக்காக அம்பும் விட்டேன்.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை உள்ளே வந்து தாளைப் பிடுங்கினார்.

"யாருக்குடி இந்த ஹார்ட்டு?"

"ஆக்டோபஸுக்கு டீச்சர்."

கொழுப்பு என்று நினைத்துவிட்டார். வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தார். "ஹார்ட்டு பத்தியெல்லாம் நான் பேசவே இல்ல மேடம்" என்று அந்த மனிதர் கூசாமல் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் அம்மாவோடு வரச் சொன்னார்கள். எங்கள் தெரு அக்கா ஒருத்தியின் பையில் லவ் லெட்டர் சிக்கியதும், அவள் படிப்பை நிறுத்தித் தொழிற்பேட்டை கம்பெனி வேனில் வேலைக்கு ஏற்றிவிட்டார்கள். எனக்கும் அந்த வேன்தான் என்று அழுது தீர்த்தேன்.

அம்மா அதே தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை பார்த்தாள். ஷிப்ட் முடிந்து, கம்பெனித் தொப்பியைக்கூடக் கழற்றாமல் பள்ளிக்கு வந்தாள். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா மேடம், இத்தினி காலு போட்டு, காலு ஃபுல்லா வட்டம் வட்டமா வரைஞ்சி வெச்சிக்கீறா. லவ் பண்றவ இவ்ளோ பொறுமையா குந்திக்கினு இத்த வரைவாளா?"

தலைமையாசிரியை படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். வாத்தியார் ஓடாத மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் முதுகில் ஒன்று வைத்தாள்.

"மூணு இருக்குதுன்னு நெஜமாவே சொன்னாரா?"

"சத்தியமா சொன்னாரும்மா."

"அம்பு?"

"அது நானா விட்டேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"மூணு வெச்சிக்கினு அது இன்னாதான் பண்ணுதோ. ஒண்ண வெச்சிக்கினே உன்னால எனக்குப் பேஜாரு. இன்னா நின்னுக்கினு கீற? பெல் அடிச்சிட்டாங்க, கிளாசுக்குப் போ."