வாடகைக்கு நேரே ஒரு சைபர்

"அதெல்லாம் சமாளிச்சிடலாம்." இந்த வார்த்தையை இனி யாராவது என் காதுபடச் சொன்னால் கையில் இருப்பதைத் தூக்கி எறிந்துவிடுவேன். கரண்டியோ தோசைத் திருப்பியோ, எனக்குக் கவலையில்லை. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. துபாயில் ஒரு குடும்பம் இருக்க மாசம் எவ்வளவு ஆகும்? உங்க சம்பளத்தைக் கேட்டேனா, பேங்க் புத்தகத்தைக் கேட்டேனா? வாடகை எவ்வளவு, ஸ்கூல் ஃபீஸ் எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு. இதைச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

அப்போது நாங்கள் இரும்புலியூரில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் ஏசி மெக்கானிக். பத்து வருஷம் மாடி மாடியாக மெஷின் தூக்கி முட்டி தேய்ந்துபோனவர். நான் தாம்பரத்தில் ஒரு எலெக்ட்ரிகல் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் அதற்கு முன்னால் இரண்டு வருஷம் கத்தாரில் தனியாக இருந்துவிட்டு வந்தவர். திரும்பி வந்த அன்று ஏர்போர்ட்டில் எங்கள் மகள் என் துப்பட்டாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த அங்கிளும் நம்ம கூட வர்றாங்களாம்மா?" என்று கேட்டாள். மூன்று வயசுப் பிள்ளை, அதற்கு என்ன தெரியும். அவர் சிரித்தார். ஆனால் குரோம்பேட்டை வரைக்கும் கார் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் சொல்லிவிட்டேன். இனிமேல் போனால் மூன்று பேரும் போகிறோம், இல்லாவிட்டால் யாரும் எங்கேயும் போக வேண்டாம்.

நாலு வருஷம் கழித்து துபாய் வேலை வந்தது. சூப்பர்வைசர். மெஷின் தூக்க வேண்டியதில்லை, ஆள் வைத்து வேலை வாங்கினால் போதும். ஆறாயிரத்து ஐந்நூறு திர்ஹாம் சம்பளம். உடனே சொந்தக்காரர்கள் எல்லாரும் போனை எடுத்துப் பெருக்கிப் பார்த்தார்கள். ஒன்றரை லட்சம்! அஸ்தினாபுரத்திலிருந்து என் மாமியார் போன் பண்ணி அழுதே விட்டார். சம்பளத்தை ரூபாயாக்கிப் பார்க்க எல்லாருக்கும் தெரிகிறது. செலவை மட்டும் தாம்பரம் மார்க்கெட் விலையில் போடுகிறார்கள். என்ன நியாயம் இது? நான் பில் போடுகிறவள். மகளின் பழைய நோட்டில் கட்டம் போட்டு, தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதலாம் என்று கிளம்பினேன்.

என் பெரியம்மா மகள், அக்கா, ஆறு வருஷமாகக் குடும்பத்தோடு துபாயில்தான் இருந்தாள். அந்தச் சமயம் லீவில் கீழ்க்கட்டளைக்கு வந்திருந்தாள். லீவில் வருகிறவர்களுக்கு எங்கள் சனத்தில் ஒரு சட்டம் உண்டு. வீட்டுக்கு வீடு சென்ட் பாட்டிலும் பிஸ்தாவும் கோடாலித் தைலமும் கொடுப்பார்கள், வாங்கிக்கொள்ளலாம். பிரியாணி போடுவார்கள், சாப்பிடலாம். அங்கே எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் கண்ணு வைக்கிறோம் என்று அர்த்தம். நான் கேட்டேன்.

"உனக்கு எதுக்குடி இவ்ளோ கவல? அதெல்லாம் சமாளிச்சிடலாம்."

"எவ்வளவுன்னு சொல்லுக்கா. நான் எழுதிக்கணும்."

பக்கத்தில் பெரியம்மா பூண்டு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா அவரை ஒரு தடவை பார்த்தாள். "வாடகை ரெண்டாயிரம் போட்டுக்கோ. கரண்டு, தண்ணி எல்லாம் அதுலயே வந்துடும்."

"வீடு பெருசாக்கா?"

"ஹாலே இவ்ளோ பெருசு இருக்கும்" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். பெரியம்மாவுக்கு முகமெல்லாம் பல். "எம்பொண்ணு குடுத்து வச்சவ" என்றார். நான் வாடகை என்று எழுதி, நேரே இரண்டாயிரம் என்று போட்டு, சிவப்புப் பேனாவால் அடிக்கோடும் போட்டேன். எல்லாச் செலவும் போக மாசம் ஆயிரத்து ஐந்நூறு திர்ஹாம் மிச்சம் என்று கணக்கு வந்தது. அந்த மிச்சத்தை நம்பித்தான் வேலையை விட்டேன், வீட்டைக் காலி பண்ணினேன். பத்து மாச அட்வான்ஸில் ஒன்றரை மாச வாடகையைப் பெயிண்ட் அடிக்க என்று பிடித்துக்கொண்டார் ஹவுஸ் ஓனர். ஆறு வருஷத்தில் ஒரு செவுத்துக்குச் சுண்ணாம்பு காட்டாத மனுஷன்! அதைக்கூடப் போகட்டும் என்று விட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினோம்.

துபாயில் வீடு காட்டிய ஏஜெண்ட் என் நோட்டைப் பார்த்துச் சிரித்தான். "ரெண்டாயிரத்துக்கு வீடு கிடையாது மேடம். ரூம் கிடைக்கும்." நாங்கள் எடுத்தது ஊருக்கு ஒதுக்குப்புறத்தில், லிஃப்ட் பாதி நாள் ஓடாத கட்டடத்தில், ஒரு பெட்ரூம் வீடு. வருஷத்துக்கு நாற்பத்தெட்டாயிரம். மாசா மாசம் கொடுக்கிற கதையெல்லாம் இல்லை. நாலு செக், தேதி போட்டு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அது போக டெபாசிட், ஏஜெண்டுக்கு ஒரு பங்கு, கரண்டுக்கும் தண்ணிக்கும் தனி டெபாசிட். ஹவுஸ் ஓனர் திருப்பிக் கொடுத்த அட்வான்ஸ் மொத்தமும் முதல் வாரத்திலேயே காலி. ஸ்கூல் ஃபீஸ் ஒரு பக்கம், ஸ்கூல் பஸ்ஸுக்கு இன்னொரு பக்கம். பஸ்ஸுக்குக் கொடுத்த காசில் இரும்புலியூரில் நான் குடும்பமே நடத்தியிருப்பேன். 'சேமிப்பு' என்று நான் எழுதிய கட்டம் காலியாகவே கிடந்ததால் மகள் அதில் பூ வரைந்து வைத்தாள்.

அக்கா தினமும் போன் பண்ணுவாள். என்ன சமையல், பிள்ளை எப்படி இருக்கிறாள், எல்லாம் கேட்பாள். வீட்டுக்கு வா என்று மட்டும் சொல்ல மாட்டாள். பெருநாள் அன்று நான் வட்டிலப்பம் செய்து தூக்குவாளியில் போட்டுக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன்.

ஹால் பெரிசுதான். பொய் சொல்லவில்லை அவள். அந்த ஹாலைப் பிளைவுட் வைத்து இரண்டாகத் தடுத்து, ஒரு தடுப்பில் அக்கா, மச்சான், இரண்டு பிள்ளைகள். இன்னொரு தடுப்பில் யாரோ நாலு ஆம்பளைகள். உள் ரூமில் வேறொரு குடும்பம். அடுப்படிச் சுவரில், யாருக்கு எப்போது அடுப்பு என்று எழுதி ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அக்காவுக்குக் காலையில் ஐந்திலிருந்து ஆறு, சாயங்காலம் ஏழிலிருந்து எட்டு. பெருநாளன்று எல்லாருக்கும் அரை மணிநேரம் கூடுதல்.

எனக்கு வந்ததே கோபம். வந்த இடம், நல்ல நாள் எதுவும் பார்க்கவில்லை. "ஏன்க்கா, ஒரு வார்த்தை ரூம்னு சொல்லியிருந்தா வாய் வெந்தா போயிடும்? உன் வார்த்தைய நம்பி வேலைய விட்டுட்டு, வீட்ட விட்டுட்டு வந்து நிக்கிறேன். என் பிள்ளை ஸ்கூல் ஃபீஸுக்கு நான் எங்க போவேன்?" பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் நின்றுபோனது.

அக்கா என்னைப் பதிலுக்குத் திட்டவில்லை. சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, "பக்கத்துல அம்மா உக்காந்திருந்தாங்கடி" என்றாள். "அன்னிக்கு நான் உண்மைய சொல்லியிருந்தா எங்கம்மா அடுத்த வேளை சோறு தின்னிருப்பாங்களா?"

"அதுக்கு என் குடும்பம்தான் கிடைச்சுதா?" என்று கேட்டுவிட்டு, தூக்குவாளியைக்கூட எடுக்காமல் வந்துவிட்டேன்.

மூன்றாவது செக்குக்கு அவர் யார் யாரிடமோ கைமாற்று வாங்கினார். செக் திரும்பினால் நம்ம ஊர் மாதிரி இல்லை, அங்கே பெரிய பேஜார். நாலாவது செக் போனதும் அவர் நோட்டை மூடி என் மடியில் வைத்தார். "நீங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போங்க" என்றார். நான் விடவில்லை. நாமும் அக்கா மாதிரி ஒரு தடுப்பு எடுத்துக்கலாம் என்றேன். "பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் யாரு வேணா வருவான், போவான். பொண்ணு வளர்றா" என்றார். அதற்கு மேல் நான் என்ன பேச? ஏர்போர்ட்டில் இந்தத் தடவை மகள் யாரையும் அங்கிள் என்று சொல்லவில்லை. அத்தா, அத்தா என்று அவர் சட்டைப் பையைப் பிடித்து இழுத்ததில் பை கிழிந்து தொங்கியது. அந்தச் சட்டையோடுதான் நின்று கையாட்டினார்.

இப்போது நானும் மகளும் அஸ்தினாபுரத்தில் மாமியார் வீட்டில் இருக்கிறோம். அவர் துபாயில் பெட் ஸ்பேஸில் இருக்கிறார். அதாவது வாடகைக்கு ரூம் இல்லை, ஒரு கட்டில். ஒரு ரூமில் ஆறு பேர், மேலும் கீழுமாக மூன்று இரும்புக் கட்டில். மாமியிடம் கம்பெனி ரூம் என்று சொல்லி வைத்திருக்கிறார். வீடியோவில் பேசும்போது போனை முகத்துக்கு ஒட்டிப் பிடித்துக்கொள்வார். அவர் சொன்னதை நானும் அப்படியே காப்பாற்றி வந்தேன். தெருவில் கேட்பவர்களுக்கு மாமி, "பேத்தி படிப்புக்காக வந்திருக்காங்க" என்று பதில் சொல்வார்.

போன வாரம் மாடி வீட்டுப் பெண் கீழே வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, கையில் ஒரு நோட்டு. அவள் புருஷனுக்கும் துபாயில் வேலை வந்திருக்கிறதாம். "அக்கா, மாசம் எவ்ளோக்கா ஆகும்?" என்றாள்.

வந்து மாட்டினாயா என்று ஆரம்பித்தேன். நாலு செக், டெபாசிட், ஏஜெண்ட், ஸ்கூல், பஸ், ஒன்றையும் விடவில்லை. லீவில் வருகிறவர்கள் சொல்வதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாதே, ரூமா வீடா என்று கேள், எத்தனை பேருக்கு ஒரு அடுப்பு என்று கேள் என்று சத்தமாகவே சொன்னேன். அவள் எழுத எழுத முகம் சுருங்கிக்கொண்டே போனது. மாமி பக்கத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு, போதும் விடும்மா என்பது போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அண்ணன் இப்ப எங்கக்கா இருக்காரு?"

"கம்பெனி ரூம்." யோசிக்கவே இல்லை, தானாக வந்தது.

"ஃப்ரீயாக்கா?"

"ம்."

சுருங்கிப்போயிருந்த முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அப்ப பரவால்லக்கா. மொதல்ல இவரு மட்டும் போகட்டும். வாடகையே இல்லல்ல? ஆறு மாசத்துல காசு சேத்து எங்களக் கூப்டுக்குவாரு." வாடகை என்று எழுதி, நேரே ஒரு சைபர் போட்டு, அதற்கு ஒரு அடிக்கோடும் போட்டாள்.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தத் தடவை போய்ச் சண்டை போட யாரும் இல்லை. எழுத வைத்தவள் நான். பேனாவைப் பிடுங்கி அந்த சைபரை அடித்தேன். "எழுதிக்கோ. அறுநூறு திர்ஹாம். கம்பெனி ரூம்லாம் இல்ல, நான் சொன்னது பொய். ஒரு ரூமுக்கு ஆறு பேரு. அண்ணனுக்குக் கெடச்சது மேல் கட்டில்."

அவள் எழுதினாளா என்று நான் பார்க்கவில்லை. மாமியின் கையில் வெங்காயம் பாதி உரித்தபடி நின்றிருந்தது.

"மேல் கட்டிலா?" என்றார் மாமி. "அவனுக்கு முட்டி மடங்காதேம்மா. எப்படி ஏறுறான்?"