நான் நிறுத்தச் சொன்ன மாத்திரை

என் மனைவி ரேவதிக்குத் தைராய்டு குறைபாடு உண்டு. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஹார்மோன் மாத்திரை போடுவாள். அவள் மூன்று மாத கர்ப்பமாக இருந்தபோது, இங்கே வங்காளத்தில், டாக்குரியாவில் இருக்கும் என் மளிகைக்கடைக்கு வந்த ஒருவர், "ஹார்மோன் மாத்திரை வயித்துல இருக்கிற பிள்ளைக்கு ஆகாது" என்றார். பயந்துபோய், அன்றே ரேவதியிடம் மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். அவளும் தலையாட்டினாள்.

இரண்டு வாரம் கழித்து பவானிபூர் மருத்துவமனையில் பரிசோதனை. "மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாளா?" என்று டாக்டரம்மா வங்காள மொழியில் கேட்டார். நான்தான் நிறுத்தச் சொன்னேன் என்றேன், ஏதோ பெருமையாக.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்த ஹார்மோன் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கே தேவை. இந்தச் சமயத்தில் பலருக்கு அளவைக் கூட்டுவோம். எங்களைக் கேட்காமல் நிறுத்தலாமா?"

என் பிள்ளைக்கு நானே கெடுதல் செய்துவிட்டேனே!

ரேவதி மெதுவாகச் சொன்னாள்: "நான் நிறுத்தலைங்க. டாக்டரைக் கேக்காம விட மனசு வரல. நீங்க கடை திறக்கப் போனதும் போட்டுக்கிட்டேன்."

அங்கேயே அழுதுவிட்டேன். ரத்தப் பரிசோதனையும் சரியாகவே வந்தது.

என்னிடம் மறைத்தாளே என்று கோபம் வந்திருக்கலாம், வரவில்லை. மகளுக்கு இப்போது ஒன்றரை வயது. அவள் ஓடியாடும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்: நல்லவேளை, அன்று என் பேச்சை வீட்டில் யாரும் கேட்கவில்லை.