ஃபேன் இல்லாத கார்டு

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், கம்ப்யூட்டர் கடைக்காரர், உள்ளே ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக், பிரிண்டர் மை வாங்கக் காத்திருந்த ஒரு வாத்தியார். இத்தனை கணக்காகச் சொல்லக் காரணம் உண்டு. சொன்னதைச் சொல்லவே இல்லை என்று பிறகு சாதித்தவர் அந்தக் கடைக்காரர்.

முதுகுளத்தூர்ப் பக்கத்து விசேஷங்களில் மொய் நோட்டு போய்க் கம்ப்யூட்டர் வரத் தொடங்கிய சமயம் அது. நான் எட்டாவதோடு நின்றவள், அது கடைக்காரருக்கும் தெரியும். டைப்பிங் மட்டும் தெரியும். நான் பெயரை அடிக்க, என் வீட்டுக்காரர் மைக்கில் வாசிப்பது என்று என் தோட்டை அடகு வைத்து இறங்கினோம். ஒரு பெயர் தப்பினால் பந்தலிலேயே சண்டை வரும் என்ற பயம் எனக்கு. அதனால் இரண்டு மானிட்டர் கேட்டேன். ஒன்று எனக்கு. மற்றது மொய் செய்பவர் பக்கம். அதில் அவருடைய பெயர், ஊர், தொகை மட்டும் தெரிய வேண்டும். அடுத்தவர் வரியும் கலந்து தெரிந்தால் சரிபார்க்க முடியாது.

"அப்ப வயரைப் பிரிச்சுக் குடுத்தா ஆகாது தங்கச்சி. ரெண்டுலயும் ஒரே படந்தான் வரும். கிராபிக்ஸ் கார்டு போடணும்" என்றார் கடைக்காரர்.

இரண்டு கார்டுகளை மேசையில் வைத்தார். ஒன்றில் சின்ன ஃபேன், விலையும் குறைவு. இன்னொன்றில் ஃபேனே இல்லை. சூடு இறங்க நெருக்கமாக அலுமினியத் தகடுகள்.

"மைக்குக்குப் பக்கத்துலயே பொட்டி இருக்கும்ணே. சத்தம் ஆகாது."

"அப்ப இதான். ஓடுறதே தெரியாது."

"ஃபேன் இல்லாட்டி பந்தல் சூட்டுல வெந்துறாதா?"

"நீ மொய் எழுதப் போறியா, சோறு வடிக்கப் போறியா?"

வாத்தியார்கூடச் சிரித்தார். கார்டுக்கு மட்டும் மூவாயிரத்து அறுநூறு எண்ணிக் கொடுத்தோம். மறுநாள் எல்லாம் பூட்டி, பெட்டியின் திருகு மேல் சீல் ஒட்டிக் கொடுத்தார். சீலைப் பிரித்தால் வாரண்டி கிடையாதாம்.

முதல் வேலை சிக்கல் ஊர்ப் பக்கம் ஒரு காதுகுத்து. என் வீட்டுக்காரர் மைக்கைப் போட்டதும் நாலு குழாயிலும் 'கொர்ர்ர்' என்று ஓர் இரைச்சல்.

"ஏலே, மைக்குக்குள்ள மாவு மில்லா ஓடுது?" என்று ஒரு பெரியவர் கேட்க, பந்தலே சிரித்தது. வாசித்த பெயர் எதுவும் எடுபடவில்லை. விசேஷ வீட்டுக்காரர் பேசிய கூலியில் பாதிதான் கொடுத்தார். செய்தி பரவி, பேசி வைத்திருந்த மூன்று வேலையும் கைவிட்டுப் போனது. அடகுக் கடையில் தோடு.

வீட்டில் சீலைக் கிழித்துத் திறந்தேன். உள்ளே ஃபேன் வைத்த கார்டு. அதுவும் பழசு, இறக்கையில் யாரோ வீட்டுத் தூசி.

கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினோம். "ஃபேன் இல்லாததுன்னு நான் எப்பச் சொன்னேன்? சீலையும் கிழிச்சுட்ட. எட்டாங்கிளாசுக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி?" என்றார். மெக்கானிக் தலையை நிமிர்த்தவே இல்லை. கோபம் வந்தால் எனக்குப் பயம் குறையும் என்பதை அன்றுதான் கண்டுகொண்டேன்.

மதுரைக்குப் போய்ச் சரியான கார்டை நானே தடவிப் பார்த்து வாங்கினேன். என் கண்முன்னே பூட்ட வைத்தேன். தொழில் மெல்ல எழுந்தது. ஆனால் அந்த 'எட்டாங்கிளாசு' காதைவிட்டுப் போகவில்லை.

ஆவணியில் கடைக்காரர் வீட்டுக் காதுகுத்து. மொய் வரும் என்றால் சண்டைக்காரரையும் விடமாட்டார்கள். எங்களுக்கும் பத்திரிகை வந்தது. வெளியூர் மொய் கம்ப்யூட்டர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் தட்டில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தேன்.

"மூவாயிரத்து அறுநூத்தி ஒண்ணுன்னு எழுதுங்க. மூவாயிரத்து அறுநூறை ஏற்கெனவே அண்ணன் கையில குடுத்தாச்சு. ஃபேன் இல்லாத கார்டுக்கு."

மைக்குக்காரர் என்னைப் பார்த்தார். மொய் செய்பவர் சொன்னதைச் சொன்னபடி வாசிப்பதுதான் எங்கள் தொழில். கார்டு உட்பட அப்படியே வாசித்தார். மண்டபம் முழுக்கக் கேட்டது. சீட்டும் அச்சாகி என் கைக்கு வந்தது.

கடைக்காரர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். "என்ன தங்கச்சி இது? நாலு பேர் மத்தியில..."

"மொய்யிண்ணே. எங்க வீட்டு விசேசத்துக்கு வந்து திருப்பிச் செஞ்சுருங்க."

அடுத்த தையில் எங்கள் மகளுக்குக் காது குத்தினோம். வெற்றிலை பாக்கு வைத்து முதல் பத்திரிகை அவருக்குத்தான் கொடுத்தேன். வரவில்லை. சீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது. வாங்கிய மொய்யைத் திருப்பாதவர் என்று நான் போகிற பந்தலில் எல்லாம் ஆள் தெரியச் சொல்லி வருகிறேன். திருப்பும்போது கூட்டிச் செய்வது வழக்கம். அந்தக் கூடுதல் எனக்கு வேண்டாம். வர வேண்டியது மூவாயிரத்து அறுநூற்று ஒரு ரூபாய்.