சித்திரை வெயிலில் ஒரு ஸ்வெட்டர்

ஒத்தக்கடைப் பக்கம் எங்கள் கன்னியர் பள்ளியில் பாக்கியம்தான் டிரில் டீச்சர். நல்ல கனம். பிள்ளைகள் வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத மாட்டேன். அது அவளுக்கே தெரியும், சிரித்துக்கொள்வாள்.

1983இல் வந்த புதுத் தலைமையாசிரியை சிஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. உடற்பயிற்சி சொல்லித்தருகிறவள் தொண்ணூறு கிலோ இருக்கலாமா என்று கேட்டார். ஜூனில் பள்ளி திறக்கும்போது எழுபத்தைந்துக்கு இறங்க வேண்டும். இல்லையென்றால் விசிலைக் கொடுத்துவிட்டுத் தையல் வகுப்புக்குப் போக வேண்டும். பாக்கியத்துக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது. அந்த விசில்தான் அவளுக்கு எல்லாம்.

தவக்காலம் வந்தது. நாங்கள் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஒருசந்தி இருப்போம், ஒரே வேளைச் சாப்பாடு. அவள் நாற்பது நாளும் இருந்தாள். புண்ணியத்துக்குப் புண்ணியம், இளைப்புக்கு இளைப்பு என்று நினைப்பு. ஈஸ்டர் முடிந்தும் விடவில்லை. முதலில் ஐந்து கிலோ குறைந்தது. பிறகு மதுரை ஜங்ஷன் எடை மெஷினில் வாரா வாரம் எண்பத்தைந்து என்றே அட்டை விழுந்தது.

ஒளித்து வைத்துத் தின்கிறாள் என்று ஸ்டாஃப் ரூமில் பேச்சு கிளம்பியது. கிளப்பியவர்களில் நானும் ஒருத்தி. ஒருநாள் அவள் மைதானத்தில் இருந்தபோது அவள் பையைத் திறந்து பார்த்தேன். முறுக்கு இருக்கும் என்று நினைத்தால், மடித்து வைத்த ஸ்வெட்டர் இருந்தது. மதியம் அதைப் போட்டுக்கொண்டு, அந்தச் சித்திரை வெயிலில் மேஜைமேல் தலைவைத்துப் படுத்திருந்தாள். கையைத் தொட்டேன், ஜில்லென்றிருந்தது.

பயந்துபோய் டாக்டர் அழகம்மாளிடம் இழுத்துப் போனேன். என்ன சாப்பிடுகிறாய் என்று அவர் கேட்கவில்லை. எத்தனை நாளாகக் குளிர்கிறது என்று கேட்டார். பாக்கியம் அழுதுவிட்டாள்.

இரத்தம் சோதித்து, வேறு நோய் இல்லை என்று தெரிந்தபின் டாக்டர் விளக்கினார். கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை இல்லை. அதன் செல்கள் சாப்பிட்டால் நிரம்பிப் பருக்கும்; பட்டினி கிடந்தால் வற்றிச் சுருங்கும், ஒழிந்துபோகாது. அவை வற்றினால் பஞ்சம் வந்துவிட்டதென்று உடம்பு சூட்டைக் குறைக்கும், ஆளை ஓயவைக்கும், எல்லாச் செலவையும் சுருக்கும்.

"கொழுப்பு குறையுறது உடம்புக்கு எப்படித் தெரியுதுன்னு எங்களுக்கே இன்னும் பிடிபடல. ஆனா தெரியுதும்மா. நீங்க பொய் சொல்லல."

மூன்று வேளையும் அளவாகச் சாப்பிட வேண்டும், ஓட்டத்தை விடக்கூடாது, மெதுவாகத்தான் இறங்கும் என்றார். திரும்பும் வழியில் பாக்கியம் நான்கு இட்லி சாப்பிட்டாள். பையைத் திறந்ததை அப்போது சொல்லிவிட்டேன்.

"தெரியும் டீச்சர். ஸ்வெட்டர் மடிப்பு மாறியிருந்துச்சு," என்றாள். வெட்கத்தோடு என் தட்டு இட்லியையும் அவள் பக்கம் தள்ளினேன்.

ஜூனில் அட்டை எண்பத்திரண்டு காட்டியது. சிஸ்டர் விசிலுக்குக் கை நீட்டினார்.

"இப்பக் குளிரல சிஸ்டர். என்கூட கிரவுண்டுல ரெண்டு சுத்து வாங்க, அப்புறம் விசிலை வாங்கிக்கங்க," என்றாள் பாக்கியம்.

ஒல்லியான சிஸ்டர் ரோஷத்தோடு கிளம்பினார். முதல் சுற்றிலேயே மூச்சு வாங்கி வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். பாக்கியம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, விசில் ஊதியபடி மூன்றாவது சுற்றில் இருந்தாள். சிஸ்டர் மறுபடி கை நீட்டினார். அதில் நான் தண்ணீர் டம்ளரை வைத்தேன்.