நடு வடி

ரங்கூனின் லான்மடாப் பகுதியில் ஆற்றை ஒட்டிய ஒரு கிட்டங்கியில் அப்பாசாமி நான்கு வருஷம் ரை விஸ்கி காய்ச்சினான். அந்த நான்கு வருஷத்தில் ஒரு சொட்டுகூட அவன் நாக்கில் படவில்லை. அந்த ஊரில் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் அவன் குடித்த குடி அப்படி.

அரிசி மில்லில் பாய்லர் வேலை பார்த்தவன். குடியால் அந்த வேலை போனபிறகு, 1923இல் காளி கோயிலில் சூடத்தை அணைத்து, இனி இந்த நாக்கில் சாராயம் படாது என்று சத்தியம் செய்தான். பக்கத்தில் நின்ற பவுனம்மாள் காளியை நம்பினாள், புருஷனை நம்பவில்லை. தினமும் சாயங்காலம் அவனை வாசலிலேயே நிறுத்தி, "ஊதுங்க" என்பாள். அவன் குனிந்து அவள் முகத்துக்கு நேரே ஊதுவான். அதன்பிறகுதான் நிலைப்படியை விட்டு நகருவாள். தெருவே பார்த்துச் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அப்பேர்ப்பட்டவனுக்கு அடுத்த வருஷமே சாராயம் வடிக்கும் இடத்தில் வேலை கிடைத்தது என்றால் விதிக்கும் கொஞ்சம் குசும்பு உண்டு என்றுதான் சொல்லவேண்டும். பார்லோ துரை அமெரிக்காக்காரர். இருபது வருஷம் மேல்பர்மாவில் எண்ணெய்க் கிணறு தோண்டியவர். சொந்த ஊரில் மதுவை அடியோடு தடுத்துவிட்டார்கள். மனுஷனுக்கு ஊர் திரும்ப மனசில்லை. லைசென்ஸ் வாங்கி, ஒரே ஒரு செம்புக் கொப்பரையை வைத்து, கனடாவிலிருந்து கப்பலில் ரை தானியம் தருவித்து, தன் ஊர் விஸ்கியைத் தானே காய்ச்சத் தொடங்கினார்.

ரை லேசுப்பட்ட தானியம் அல்ல. கோதுமையைவிட ஒல்லி, சாம்பல் கலந்த பச்சை. மாவாக்கி வெந்நீரில் கரைத்தால் போஸ்டர் ஒட்டும் பசையாகிவிடும். புளிக்கும்போது பொங்கி வழிந்து தரையெல்லாம் நாசமாகும். கிளறுகிறவன் கை விட்டுப்போகும். ஆனால் ஒழுங்காக வந்துவிட்டால் அதன் குணமே வேறு என்பார் துரை. ஸ்காட்லாந்துச் சரக்குப்போல அதில் புகை கிடையாது. கரும்புச் சாராயத்தின் இனிப்பும் கிடையாது. வறண்ட காரம். "இதில் சர்க்கரையைத் தேடாதே, மிளகைத் தேடு" என்று தன் அரைகுறை இந்துஸ்தானியில் சொல்லுவார்.

தேடுவதற்கு அவருக்கு மூக்கு இல்லை. எண்ணெய்க் கிணற்றின் காற்றும் பர்மாச் சுருட்டும் அதை முடித்துவிட்டன. அளவுகோல் எவ்வளவு வீரியம் என்று காட்டுமே தவிர, நாற்றமா மணமா என்று காட்டாது. கொப்பரையிலிருந்து முதலில் வருவது விஷம், அது முதல் வடி. கடைசியில் வருவது அழுக்கு, அது கடை வடி. இடையில் வருகிற நடு வடிதான் பீப்பாய்க்குப் போகவேண்டியது. எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று அப்பாசாமிதான் உள்ளங்கையில் இரண்டு சொட்டு தேய்த்து, முகர்ந்து சொல்லவேண்டும். நாக்கு வேண்டியதில்லை என்பதால் ஒப்புக்கொண்டான். பவுனம்மாள் ஒரு மாசம் பேசவில்லை. ஊதச் சொல்வதை மட்டும் விடவில்லை.

1926 ஆடி மாசம். விடாத மழை. அன்று காலை அப்பாசாமி ஙாப்பிக் கடையைத் தாண்டினான். ஙாப்பி என்பது பர்மாக்காரர்களின் மீன் விழுது. செத்தவனையும் எழுப்பி உட்காரவைக்கும் வாசம். அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. நின்றான். திரும்பிப் போய் ஜாடிக்கு மேலேயே குனிந்தான். ஒன்றும் இல்லை. இரண்டு நாள் ஜலதோஷம் மூக்கை முழுசாக அடைத்திருந்தது.

மூக்கு அடைக்கக்கூடிய நாளா அது? கையிருப்பில் இருந்த கடைசி ரை முழுவதும் அன்று கொப்பரையில் இருந்தது. போன இரண்டு முறையும் அளவு கூடட்டும் என்று துரை அவசரப்பட்டதில் கடை வடி கலந்து, சரக்கை வாங்கும் வெள்ளைக்காரக் கிளப்புக்காரர்கள் முகம் சுளித்துவிட்டார்கள். இதுவும் கெட்டால் கொப்பரையை விற்றுவிட்டுக் கப்பல் ஏறுவேன் என்று துரை சொல்லியிருந்தார். அப்புறம் மறுபடி ஏதாவது ஒரு மில்தான் கதி. பாய்லர் அறையில் சாயங்காலமானால் புட்டி கை மாறி கை மாறி வரும். தன் கைக்கு வரும்போது என்ன செய்வோம் என்று அப்பாசாமிக்கு நிச்சயமில்லை. அதுதான் அவன் பயம்.

"மூக்கு இல்லையென்றால் என்ன, நாக்கு இருக்கிறதே. ஒரு சொட்டு" என்று துரை கண்ணாடிக் கிளாஸை நீட்டினார். அப்பாசாமி வாங்கினான். உதடு வரைக்கும் கொண்டுபோனான். குடித்துவிடவேண்டும்போல இருந்தது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "நெருப்பைத் தணிச்சு வைங்க துரை" என்று சொல்லிவிட்டு மழையில் ஓடினான்.

வீடு இரண்டு சந்து தள்ளி. பவுனம்மாள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பவுனு, ஒன் மூக்கு வேணும்."

மூக்கு அடைத்ததையும் கடைசி ரை கொப்பரையில் இருப்பதையும் சொன்னான். முழுக்கக் கேட்டாள். "என்னைய அங்க கூப்புட ஒங்களுக்கு வெக்கமா இல்ல?" என்றாள். பிறகு கையைக் கழுவினாள்.

கிட்டங்கியில் முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவே அவளுக்கு நேரம் பிடித்தது. முதல் கிளாஸை நீட்டினான். முகர்ந்த மாத்திரத்தில் தள்ளிவிட்டாள்.

"இது தெரியும். நாற்காலிக்குப் பூசுற பாலிஷ வாங்கிக் குடிச்சிட்டு ரெண்டு நாளு கண்ணு தெரியாம கெடந்தீங்களே, அந்த வாசம்."

கொட்டினான். கொஞ்சம் கழித்து இன்னொன்று.

"இதுவும் தெரியும். எங்க அண்ணன் வந்திருந்தப்ப சோத்துத் தட்டத் தூக்கி எறிஞ்சீங்க, அன்னைக்கி."

அப்பாசாமி அதையும் கொட்டினான். அடுத்ததை நீட்டினான். அவள் முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். புருவம் சுருங்கியது.

"மொளகு இடிச்ச ஒரலாட்டம் இருக்கு. கொஞ்சம் கெராம்பு. வெயில்ல காஞ்ச வைக்கோலு." சற்று யோசித்தாள். "இது எனக்குத் தெரியல. இந்த வாசம் நம்ம வீட்டுக்கு வந்ததே இல்ல."

அப்பாசாமி குழாயைப் பீப்பாயின் பக்கம் திருப்பினான். பன்னிரண்டு வருஷமும் விஷத்தையும் அழுக்கையும்தான் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறோம் என்று அவனுக்கு அவமானமாக இருந்தது.

மத்தியானம் வரை அவள் அங்கேயே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கிளாஸ் கிளாஸாக முகர்ந்து, "தெரியல" என்றாள். மணி இரண்டு இருக்கும். ஒரு கிளாஸை மூக்கருகில் வைத்தவள் சட்டென்று விலக்கினாள்.

"நனைஞ்ச சாக்கு" என்றாள். "கமலாட்சி பொறந்த அன்னைக்கி. ஆசுபத்திரி வாசல்ல."

அவன் உடனே குழாயைப் பீப்பாயிலிருந்து விலக்கித் திருப்பினான். மகளை அன்றைக்குத் தூக்கக் கொடுக்கமாட்டேன் என்று அவள் அழுதது அவனுக்கு அரைகுறையாகத்தான் நினைவிருந்தது. அவளுக்கு வாசத்தோடு நினைவிருந்தது.

"என்ன சொல்கிறாள்?" என்றார் துரை.

"போதுமாம் துரை."

அந்தப் பீப்பாய் இரண்டு வருஷம் கழித்துத் திறந்தபோது அதை வாங்கக் கிளப்பில் அடிதடி நடக்காத குறை. அதற்குப் பிறகு நல்ல விலைக்கு எல்லாவற்றையும் விற்றுவிட்டுத் துரை போனார். அப்பாசாமிக்கு முனிசிபாலிட்டியின் தண்ணீர் பம்பில் வேலை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அந்த ஆடி மாசத்து நாளில், கொப்பரையைக் கழுவி வைத்துவிட்டு அவன் வீடு திரும்பும்போது சாயங்காலம். பவுனம்மாள் முன்பே வந்து சமையலில் இருந்தாள். எழுந்து வாசலுக்கு வந்து, நிலைப்படியை விட்டு ஒதுங்கி நின்றாள்.

"இன்னைக்கி ஊத வேணாம். நாந்தான் கூடவே இருந்தேனே. உள்ள வாங்க."

அவன் உள்ளே போகவில்லை. அவள் வருவதற்கு முன்னால் உதடு வரைக்கும் போன கிளாஸ் அவனுக்கு மட்டும்தானே தெரியும்.

"இல்ல பவுனு, பாத்துரு" என்று குனிந்து ஊதினான்.

அவள் வழக்கத்தைவிடக் கிட்டே வந்து, கண்ணை மூடி முகர்ந்தாள்.

"சுக்குக் கஷாயம்" என்றாள். "காலையில நாங் குடுத்தது."