கதவு திறந்தே ஓடிய கார்

லைசென்ஸ் கைக்கு வந்து ஏழு மாதம் ஆகியும் நான் ஒரு ஸ்டியரிங்கைக்கூடத் தொட்டிருக்கவில்லை. கோடை விடுமுறை முழுக்க விருதுநகருக்கு பஸ் ஏறிப் போய்க் கற்றுக்கொண்டு, இன்ஸ்பெக்டர் முன்னால் வியர்க்க வியர்க்க ஓட்டிக் காட்டி வாங்கிய லைசென்ஸ். நான் ஐந்தாம் வகுப்பு டீச்சர். என் வீட்டுக்காரர் எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அவருக்கு சைக்கிள் தவிர ஒன்றும் ஓட்டத் தெரியாது. கம்பெனி அம்பாசிடரை ஒரே ஒரு தடவை மைதானத்தில் ஓட்டிப் பார்க்கட்டுமா என்று நான் கேட்டதற்கு அவர் பதறிய பதற்றம் இருக்கிறதே! வெடிமருந்து ரூமுக்குள் அடுப்பு பற்ற வைக்கக் கேட்டேன் என்று நினைத்துவிட்டார் போல.

அந்த நேரத்தில்தான் லங்காவி வந்தது. அட்டைப்பெட்டி சப்ளை செய்கிற கம்பெனி, முதலாளிக்கும் அவர் மனைவிக்கும் மலேசியாவின் லங்காவித் தீவில் மூன்று நாள் டூர் கொடுத்திருந்தது. அவர்கள் வீட்டிலோ அதே வாரம் கல்யாணம். "சீசன் முழுக்க ஒரு பொறி தெறிக்காம பாத்துக்கிட்டீக, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்று முதலாளி இவரை அனுப்பிவிட்டார். தீவு, ரிசார்ட், கடல்! வெம்பக்கோட்டை அணையையே பெரிய தண்ணீர் என்று பார்த்து வளர்ந்தவள் நான். ஒரு வாரம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

டூர் நோட்டீசில், அந்தத் தீவில் கார் வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டலாம் என்று ஒரு வரி இருந்தது. அதை எத்தனை தடவை படித்தேன் என்று கர்த்தருக்குத்தான் தெரியும். வேறு வேலை இருக்கிறது என்று அரை நாள் லீவு போட்டு, சூலக்கரை ஆர்.டி.ஓ. ஆபீசில் வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பர்மிட்டுக்கு எழுதிக் கொடுத்து, அது வந்ததும் ஜாக்கெட்டுகளுக்கு நடுவே ஒளித்து வைத்தேன். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அவருக்குத் தெரியாமல் நான் செய்த ஒரே காரியம் அதுதான். இன்னொன்றும் உண்டு, அதை இங்கே சொல்ல மாட்டேன்.

முதல் நாள் டூர் பஸ் எங்களைக் கடை கடையாக ஏற்றி இறக்கியது. சாக்லேட் வாங்கவா கடல் தாண்டி வந்தேன்? மறுநாள் காலை வரவேற்பறையில் கார் வாடகை மேசைக்கு முன்னால் போய் நின்றேன். அங்கே இருந்தவர் மலேசியத் தமிழர். இவர் என் பின்னாலேயே ஓடி வந்தார்.

"ஏ புள்ள, இங்கன கார் எதுக்கு? கடல் வாசல்லயே கெடக்கு."

"கடலுக்கு இந்தப் பக்கம் மலை கெடக்கே!"

"ஓட்டுறது யாரு?"

பர்மிட்டை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இத எப்ப எடுத்த?"

"நீங்க லோடு ஏத்திக்கிட்டு இருக்கையில எடுத்தேன்."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ, "வண்டிய நான் மொதல்ல பாக்கணும்" என்றார். ஏசப்பா, மாட்டேன் என்று சொல்லவில்லை! எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது.

கம்பெனியில் ஷெட்டைப் பார்ப்பது போலவே காரைப் பார்த்தார். நாலு கதவையும் திறந்தார், குனிந்து அடியில் முகர்ந்தார், டிக்கியைத் தட்டினார். "மணல் வாளி எங்கன இருக்கு?" என்றார். கம்பெனியில், தீ அணைக்க வாசலில் மணல் வாளி இல்லாத ரூமுக்குள் இவர் ஒரு ஆளையும் வேலைக்கு விடமாட்டார். வாடகைக்காரர் திருதிருவென்று விழித்தார். கடைசியில் எங்கள் அறைக் குப்பைத் தொட்டியைக் கழுவி, கடற்கரை மணலை நிரப்பி டிக்கியில் வைத்த பிறகுதான் கையெழுத்துப் போட விட்டார். அது போதாதென்று இன்னொரு நிபந்தனை.

"என் பக்கத்துக் கதவ மூட மாட்டேன்."

"கதவு தொறந்திருந்தா வண்டி கத்திக்கிட்டே வரும் அண்ணே" என்றார் வாடகைக்காரர்.

"கத்தட்டும்."

நல்லவேளை, அங்கேயும் நம்மூர் மாதிரி இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். இவர் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு சாண் திறந்த கதவை இரண்டு கையாலும் பிடித்திருக்க, கார் கீக் கீக் என்று கத்த, நான் நத்தையாக ஊர்ந்தேன். பின்னால் வந்தவர்கள் எல்லாம் எங்களைத் தாண்டி, திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம், மழை பிடித்துக்கொண்டது. இவர் பாதி உடம்பு தொப்பலாக நனைந்தும் கதவை விடவில்லை. எனக்கு வந்ததே கோபம், ஓரமாக நிறுத்திவிட்டேன்.

"நான் என்ன வெடிச்சா செதறிருவேன்? என் மேல அம்புட்டுத்தான் நம்பிக்கையா?"

அவர் நனைந்த மீசையைத் துடைத்துக்கொண்டார். "ஒன் மேல சந்தேகம் இல்ல புள்ள. கம்பெனியில தீப்பிடிச்சப்ப நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனவுக எல்லாரும் வெளிய ஓட வழி இல்லாம மாட்டுனவுக. கதவ மூடிட்டு உள்ள உக்கார எனக்கு வராது."

இந்த மனுஷனைப் போய்த் திட்டினேனே என்று இருந்தது. "இங்க நிறுத்துறதுக்கு நான் இருக்கேன். நீங்க நிறுத்துன்னா அந்த இடத்துலயே நிறுத்துதேன்" என்றேன்.

கொஞ்ச தூரம் போனதும் "நிறுத்து" என்றார். நிறுத்தினேன். மறுபடியும் "நிறுத்து." நிறுத்தினேன். மூன்றாவது தடவை சொல்ல வாயெடுத்தவர் அவரே சிரித்துவிட்டு, கதவை இழுத்து மூடினார். கார் கத்துவதை விட்டது, நான் கத்தினேன். அன்றைக்கு மலை, அருவி, தோணித்துறை என்று ஒரு இடம் விடவில்லை. போன ரோட்டிலேயே மூன்று தடவை போனோம்.

திரும்பி மதுரையில் இறங்கியபோது கம்பெனி அம்பாசிடர் காத்திருந்தது. எங்கள் இருவரையும்விட மூத்தவர் அதன் டிரைவர். இவர் அவரிடம், "அண்ணே, சாவிய டீச்சர்கிட்ட குடுங்க. நீங்க பின்னால ஏறி நல்லா உறங்குங்க" என்றார். அண்ணன் சாவியை எடுக்கும் முன்பே நான் கையை நீட்டிவிட்டேன். அந்த அண்ணன் பின் சீட்டில் உறங்கவே இல்லை. சாமி கும்பிட்டுக்கொண்டே வந்தார்.

எம். புதுப்பட்டிக்குள் நுழையும்போது கம்பெனி விட்டு ஆட்கள் ரோடு நிறைய வந்துகொண்டிருந்தார்கள். என் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அம்மாக்கள், இவருக்குக் கீழே வேலை செய்கிற ஆட்கள், எல்லாரும். ஓரமாக நிறுத்தி, "இனி அண்ணன் ஓட்டட்டும், எல்லாரும் பாப்பாக" என்றேன்.

இவர் கண்ணாடியை முழுக்க இறக்கி, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டார்.

"பாக்கட்டும்னுதான் ஒன்னைய ஓட்டச் சொன்னேன். ஹாரன அடி."