மலையிறங்கும் கொத்துரொட்டிக் கடை

"போங்கோ அண்ணை, போங்கோ" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே மயூரா இடதுபக்கம் ஒதுங்குவார். முந்திப் போகிற லாரிக்காரர் எந்த நாட்டவரானாலும் அவருக்கு அண்ணைதான். யூட் என்கிற, பின்பக்கம் திறந்த சின்ன லாரியின் பின்னால் கொத்துரொட்டிக் கடை ட்ரெய்லரை இணைத்திருக்கும்போது பாட்டுப் போடமாட்டார். "ட்ரெய்லர் கதைக்கிறது கேக்காது" என்பார்.

வார நாட்களில் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை. சனிக்கிழமையானால் அடுப்பு, தட்டைக்கல், காஸ் சிலிண்டர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடங்கிய ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு எங்கள் புறநகரான குவேக்கர்ஸ் ஹில்லிலிருந்து சந்தைகளுக்குப் புறப்பட்டுவிடுவார். கணவர் பிரஷாந்தன் ரொட்டி வீசுவார், கொத்துவது மயூரா. அடுத்த வீட்டுக்காரனான எனக்கு மிஞ்சியதில் ஒரு பெட்டி வரும். காரம் தூக்கலாக இருந்தால், "இண்டைக்குக் கொஞ்சம் கோவத்தில கொத்தினனான்" என்று விளக்கமும் வரும்.

போன மாதம் மலைமேல் இருக்கும் கட்டும்பாச் சந்தையிலிருந்து இறங்கும்போது வண்டி அடங்கவில்லை. ட்ரெய்லரின் சக்கரங்களுக்குத் தனியாக மின்சார பிரேக் உண்டு. யூட்டில் மிதித்தால் அங்கேயும் பிடிக்க வேண்டும். அது சரியாகப் பிடிக்கவில்லை. "பின்னுக்கு நிண்டு ஆரோ தள்ளுற மாதிரி" என்றார் மயூரா. கியரைக் குறைத்து, ஊர்ந்தபடியே வீடு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை வேலிக்கு அப்பால் பிரஷாந்தனின் குரல் கேட்டது. "வித்துப்போடுவம். எனக்கு உந்தக் கடை வேண்டாம். நீர் உயிரோட இருந்தால் காணும்."

"தண்ணித் தொட்டியை வழிய வழிய நிரப்பினது ஆர்? பாரம் கூடினால் அது தள்ளாமல் என்ன செய்யும்?" என்று திருப்பிக் கேட்டார் மயூரா.

தொட்டியைக் காலி செய்து தெருவை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். பிடிப்பு அப்படியேதான் இருந்தது. ட்ரெய்லர் பிரேக்கின் பிடிப்பைக் கூட்டிக் குறைக்க ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் குமிழைக் கடைசிவரை திருகிப் பார்த்தும் பயனில்லை. பிறகு மயூரா அட்டையை விரித்து, மின்சாரம் அளக்கும் மல்ட்டிமீட்டரோடு ட்ரெய்லருக்கு அடியில் போய்விட்டார். ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் இயக்கும் சின்ன நெம்புகோலைப் பிரஷாந்தன் யூட்டில் உட்கார்ந்து அழுத்த வேண்டும்.

"அமத்துங்கோ... அமத்துங்கோ எண்டு சொன்னனான் எல்லே!"

"அமத்திக்கொண்டுதானே இருக்கிறன்!"

யூட்டிலிருந்து மின்சாரம் குறையில்லாமல் வந்தது. சக்கரத்தருகே பாதிகூட இல்லை. "இருதயம் நல்லா அடிக்குது. காலுக்குத்தான் ரத்தம் போகேல்லை" என்று அடியிலிருந்து குரல் வந்தது. வயரோடு வயராகக் கையை நகர்த்திப் போனார். மின்சாரம் திரும்பிப் போகிற எர்த் வயரைச் சட்டத்தோடு பிணைத்த போல்ட்டுக்கு அடியில் துரு ஏறி, அதன் ஓட்டத்தைத் தடுத்திருந்தது. வாராவாரம் ட்ரெய்லரைக் கழுவிய தண்ணீரின் வேலை. உலோகம் பளபளக்கும்வரை சுரண்டி, வயருக்குப் புது முனை போட்டு, இறுக்கி, கிரீஸ் தடவினார். அதோடு விடாமல் சக்கரங்களை ஒவ்வொன்றாக ஜாக்கியில் தூக்கி, தேய்ந்து தளர்ந்திருந்த பிரேக் கட்டைகளையும் நெருக்கி வைத்தார்.

நெற்றியெல்லாம் துருவோடு வெளியே வந்தவர், "உங்கட தண்ணியில பிழை இல்லையப்பா" என்றார்.

"எனக்கு அது அப்பவே தெரியும்" என்றார் பிரஷாந்தன். ஆனாலும் அந்தச் சனிக்கிழமை தொட்டியைப் பாதிதான் நிரப்பினார். "நீங்களும் வாங்கோ, ஒரு துணைக்கு" என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். ஆளில்லாத சமதளத் தெருவில், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு மயூரா அந்த நெம்புகோலை மட்டும் அழுத்தினார். பெல்ட் நெஞ்சை இறுக்கும்படி வேகம் குறைந்தது. வண்டியை மலைப்பாதைக்குத் திருப்பினார்.

கட்டும்பாச் சந்தையில் மத்தியானத்துக்குள் ரொட்டி தீர்ந்தது. திரும்புகையில் முதல் பெரிய இறக்கத்தில் பிரஷாந்தன் கதவுப் பிடியை இறுகப் பற்றியிருந்தார். மயூரா மிதித்தார், பின்னால் இருந்த கடையும் கூடவே அடங்கியது. அடுத்த வளைவிலும் அப்படியே. பாதி மலையில் பிரஷாந்தன் பிடியை விட்டு, அடுத்த வாரத்துக்கு இன்னும் கூடுதலாக முட்டை வாங்க வேண்டும் என்று பேச ஆரம்பித்தார்.

அடிவாரத்தில் ஒதுக்கி நிறுத்திவிட்டு மயூரா இறங்கினார். ட்ரெய்லரின் இரண்டு பக்கச் சக்கரங்களின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு சூடு; பிரேக் இரண்டு பக்கமும் சமமாகப் பிடித்திருக்கிறது. காய்ச்சலுக்குத் தொட்டுப் பார்ப்பது போல இன்னொரு முறையும் வைத்தார். பிறகு பிரஷாந்தனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், அந்தச் சூட்டின்மேல் வைத்தார்.